மீன் எத்தனை?

ஆசையை வேரோடு பிடுங்கி எறிந்த மனிதர்கள் உலகத்தில் இதுவரை இரண்டே பேர். ஒருவர் கபிலவஸ்துக்காரர். மற்றவர் பனகல் பார்க் பக்கம் குடியிருக்கிறார். தினமும் காலையில் 12B பஸ் பிடித்து லஸ்ஸுக்கு வேலைக்கு வருகிறார்.

இதைச் சொன்னது அந்த இரண்டாமவரேதான். பெயர் சாய்நாத். வயது இருபத்திரண்டு. சொல்லும்போது சிரிக்கவில்லை, கண்ணடிக்கவில்லை; ரேஷன் கடையில் விலாசம் சொல்பவன் குரலில் சொன்னான். 1999 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்த அறிவிப்பு வெளியானபோது கேட்டுக்கொண்டிருந்தது கூட வேலை செய்யும் மேகலா ஒருத்திதான். அவள் மோடம் அடுக்கின் முன்னால் குனிந்து, பதினேழாவது விளக்கு ஏன் மினுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஆசையே கெடயாதா சாயி?"

"கிடையாது."

"அப்ப அந்தக் கடசி பஜ்ஜிய இப்டித் தள்ளு."

தள்ளினான். மற்ற மூன்றும் ஏற்கெனவே உள்ளே போயிருந்தன என்பதால் தள்ளுவதில் அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை.

"ஒரு விஷயம் வேண்டாம்னா பார்க்காம இருக்கணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் கண்ணுக்கு ரெண்டு இமை வெச்சிருக்கு. அது பத்தாதுன்னு நம்மகிட்ட வந்து ஃபாரம் எழுதிக் குடுத்து பூட்டச் சொல்றாங்களே, அவங்களை நினைச்சா எனக்கு அழுகையா வருது."

"அளுவாத. அவங்களாலதான் உனக்கும் எனக்கும் வேல கீது" என்றாள் மேகலா, பஜ்ஜியை மென்றபடி.

அந்த வேலை நடந்த இடம் லஸ் முனையில், ஒரு பாத்திரக்கடையின் மாடி. வாசலில் 'சுயம்பு நெட்' என்று நீலப் பலகை. உரிமையாளர் சுயம்புலிங்கம் தெற்கே நாசரேத்துப் பக்கத்துக்காரர். முதலில் மளிகை, பிறகு எஸ்.டி.டி. பூத், இப்போது இன்டர்நெட். மூன்றும் ஒரே வியாபாரம்தான் என்பது அவர் கட்சி. சரக்கு எங்கிருந்தோ மூட்டையாக வருகிறது, நாம் பிரித்துக் கொடுக்கிறோம். வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் டெலிபோன் போடும். இங்கே மோடம் எடுத்து, கீச்சென்று கத்தி, கொர்ரென்று இழுத்து, பிறகு அடங்கும். அடங்கிவிட்டால் உலகம் வந்துவிட்டது என்று அர்த்தம். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எல்லாம் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு உலகம் இந்த மாடி வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

கல்லும் உமியும் கலந்த சரக்கை அப்படியே கொடுக்கச் சுயம்புலிங்கத்துக்கு மனசு வரவில்லை. ஆகையால் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். எல்லாப் பக்கங்களும் அதன் வழியாக நுழைந்துதான் வெளியே போகும். வேண்டாதது அங்கேயே நின்றுவிடும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. அவர் சல்லடை என்றார். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள்.

சல்லடையின் முதல் வாரம் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. கெட்ட வார்த்தை உள்ள பக்கங்களை எல்லாம் நிறுத்து என்று கம்ப்யூட்டருக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் முதலாவது வார்த்தை எது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பதிவு செய்யும் ஒவ்வொரு ஜாதகத்திலும் பெயருக்குக் கீழே, ஆணா பெண்ணா என்று கேட்கும் இடத்தில், அதே மூன்று இங்கிலீஷ் எழுத்துதான் அச்சாகியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பங்களிலும் அதுவேதான். ஏழு நாள் மயிலாப்பூருக்கு ஒரு வரனும் வரவில்லை. ஒரு பிள்ளையும் அமெரிக்காவுக்கு மனுப் போட முடியவில்லை. ஊர் இவ்வளவு ஒழுக்கமாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எட்டாம் நாள் தகப்பனார்கள் ஒரு கூட்டமாக மாடியேறி வந்தார்கள்.

அன்றைக்குச் சுயம்புலிங்கம் ஒரு சட்டம் போட்டார். "இனிமே கண்ணால பாக்காம எதையும் பூட்டக் கூடாது. மூட்டையப் பிரிச்சுப் பாக்காமலாடே சரக்கத் திருப்பி அனுப்புவான் ஒருத்தன்?" ஒரு ஃபாரமும் அச்சடித்தார். அச்சகத்துக்குப் போனபோது கையிலிருந்த மாதிரி அவருடைய பழைய மளிகைக்கடை ஃபாரம்தான். ஆகவே சுயம்பு நெட்டில் வேண்டாத பக்கத்தைப் பூட்டச் சொல்ல விரும்புகிறவர் நான்கு கட்டங்களைச் சந்திக்க வேண்டியிருந்தது: பொருள், விவரம், எண்ணிக்கை, நேரில் பார்த்தவர் கையொப்பம்.

நேரில் பார்ப்பவர் பதவி சாய்நாத்துக்கு. ஆசையை வென்றவனுக்குத் தகுந்த உத்தியோகம். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் எதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று நினைத்தனவோ அதையெல்லாம் அவன் ஒருவன் உட்கார்ந்து பார்த்தான். பார்த்துக் கையெழுத்துப் போட்டான். பிறகு கீழே டீக்கடைக்குப் போய், பெயரை மட்டும் மறைத்து, ஃபாரங்களின் சாரத்தை நண்பர்களுக்குப் பிரசங்கம் செய்தான்.

அபிராமபுரத்து வக்கீல் ஒருவர் நியூஜெர்சியில் உள்ள தன் மச்சினர் வீட்டு நீச்சல்குளத்தின் புகைப்படத்தைப் பூட்டச் சொல்லியிருந்தார், எண்ணிக்கை: ஒன்று. அடையாறில் ஒரு பெரியவர் 'என் பேரன் பார்க்கக் கூடாதவை அனைத்தும்' என்று எழுதி, 'அவை எவை என்று எனக்கு ஒரு பட்டியல் அனுப்பவும்' என்று சேர்த்திருந்தார். கிரிக்கெட் ஸ்கோரை நிறுத்தச் சொன்ன ஒரு காலேஜ் பேராசிரியர் எழுதியது: 'என்னிடமிருந்து. பத்து மணி முதல் ஐந்து வரை. நானே வந்து கெஞ்சினாலும் திறக்கக் கூடாது.' அவர் மூன்றாம் நாளே வந்து கெஞ்சினார். சாய்நாத் திறக்கவில்லை. அன்றிரவு அவனுக்கு நல்ல தூக்கம் வந்தது.

"தன்னோட கையையே நம்பாம அடுத்தவன்கிட்ட சாவியைக் குடுக்கறான் மச்சி. இவன்தான் பசங்களுக்குப் பாடம் எடுக்கறான்!"

பாடம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாய்நாத் பட்டதாரி, ஒரு தாள் நீங்கலாக. மின்காந்தப் புலங்கள் என்ற அந்தத் தாள் அவனை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. மூன்றாம் முறை நவம்பர் இருபத்தாறாம் தேதி. பெங்களூரில் ஒரு கம்பெனி அவனை வேலைக்கு எடுத்துவிட்டு, பிப்ரவரிக்குள் பட்டத்தைக் காட்டு, இல்லையென்றால் வரிசையில் அடுத்தவன் நிற்கிறான் என்று கடிதம் போட்டிருந்தது. ஆக, இந்த நவம்பர்தான் கடைசி. கடிதம் வந்த அன்று அப்பா அதை இரண்டு தரம் படித்தார். மடித்து டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்தார். மறுநாளே சாய்நாத் பாடப்புத்தகத்தை ஆபீசுக்கே கொண்டுவந்து மேஜையில் வைத்துக்கொண்டான். ஃபாரம் வராத நேரம் முழுக்கப் படிப்பு என்று ஏற்பாடு. ஏற்பாடு நன்றாகவே நடந்தது, அக்டோபர் இரண்டாம் வாரம் வரை.

அக்டோபர் இரண்டாம் வாரம் மந்தைவெளியிலிருந்து நீரஜா மாமி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளை வடக்கே படிக்கப் போயிருக்கிறான். அவன் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர். அவனுக்கு மெயில் எழுதத்தான் இணைப்பு வாங்கினார். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஃபாரத்தை நீட்டினார். பொருள் என்ற கட்டத்தில் 'மீன்' என்று எழுதியிருந்தது.

சாய்நாத் இரண்டு தடவை படித்தான். "மீனா?"

"மீன்தான். எங்கேயோ குளிர் தேசத்துல ஒரு பல் டாக்டர். அவர் க்ளினிக்ல வெயிட் பண்றவா பார்க்கறதுக்குக் கண்ணாடித் தொட்டி வெச்சிருக்கார். அதுக்கு முன்னால ஒரு கேமரா. நிமிஷத்துக்கு ஒரு படம் மாறறது. யாரோ மெயில்ல அனுப்பினா."

"அதுல என்ன மாமி தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லை. பால் பொங்கிப் போயிடறது."

"பாலா?"

"மூணு தடவை. அடுப்புல வெச்சுட்டு ஒரே ஒரு படம் பார்த்துட்டு வரலாம்னு போவேன். வந்து பார்த்தா மேடையெல்லாம் பால். ஆத்துல அவர் ஒண்ணும் கேக்கலை. எனக்கே வெக்கமா இருக்கு. பூட்டிடு."

உள்ளே மோடம் அடுக்கிலிருந்து மேகலாவின் குரல் வந்தது. அவள் நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். "எங்கூட்ல மீனப் பாத்துக்கினே குந்திக்கினு இருந்தா அன்னிக்கி சோறு வேவாது மாமி."

"உங்காத்துல அது எங்கேயும் ஓடிடாதுடீ. இது ஓடறது."

சாய்நாத் தொண்டையைச் செருமினான். வெகுநாளாகத் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்த உபதேசத்தை எடுத்தான். "மாமி, தப்பா நினைக்காதீங்க. ஒரு மீன். அது ஒண்ணும் பண்ணப் போறதில்லை. பார்க்க வேண்டாம்னா பார்க்காதீங்க. இதுக்கு எதுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபாரம், ஒரு கம்பெனி?"

மாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். "நீ பார்த்திருக்கியோ?"

"இன்னும் இல்லை."

"பார்த்துட்டுச் சொல்லு" என்று குடையை எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது திரும்பி, "ரெண்டு மீன். எண்ணிக்கையில ரெண்டுன்னு போட்டுக்கோ. ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளைப் புள்ளி" என்றார்.

மறுநாள் பகல் பதினொன்றரைக்கு, கடமையைச் செய்வதற்காக, சாய்நாத் பக்கத்தைத் திறந்தான்.

படம் மேலிருந்து கீழாக இறங்கியது. அந்தக் காலத்தில் எல்லாப் படமும் அப்படித்தான். முதலில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அப்புறம் இன்னும் கொஞ்சம் தண்ணீர். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கோட்டையின் உச்சிக் கொடி, பிறகு கோட்டை, கடைசியில் பச்சைக் கூழாங்கல். மீன் இல்லை.

சட்டப்படி, பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட முடியாது. ஒரு நிமிஷம் காத்திருந்தான். தண்ணீர், கொடி, கோட்டை, கல். மறுபடி காத்திருந்தான். இந்தத் தடவை கோட்டையின் வலதுபக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று, வாலாக இருக்கலாம். வாலை வைத்து மீன் என்று சொல்லலாமா? நியாயமான ஆள் சொல்ல மாட்டான். ஏழாவது படத்தில் முழு மீன் வந்தது. ஆரஞ்சு நிறம். நேராக இவனைப் பார்த்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, ஒரு வார்த்தையைச் சொல்லப் போய் மறந்துவிட்டது போல நின்றது.

சாய்நாத் பேனாவை எடுத்து, எண்ணிக்கைக் கட்டத்தில் வந்து நின்றான். மாமி இரண்டு என்கிறார். தான் கண்டது ஒன்று.

பேனாவைக் கீழே வைத்தான்.

தலை நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே லஸ் முனை விளக்குப் போட்டிருந்தது. மேகலா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, காயவும் வைத்துவிட்டாள். அவனுடைய டப்பா திறக்கப்படாமல் மேஜையில் இருந்தது.

"சாயி, எத்தினி ஃபாரம் முடிச்ச?"

"ஒண்ணு. அதுவும் முடியலை. எண்ணிக்கை சரிபார்ப்புல இருக்கு."

அன்று ஆரம்பித்தது. காலையில் வந்ததும் முதல் காரியம் எண்ணிக்கை. அந்தக் குளிர் தேசத்தில் அப்போது இன்னும் விடிந்திருக்காது. தொட்டியின் விளக்கு மட்டும் எரியும், தண்ணீர் தேன் நிறமாக இருக்கும். பிற்பகலில் அங்கே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஆட்கள் தெரியமாட்டார்கள், கண்ணாடியில் அவர்களின் சாயல் மட்டும் விழும். ஒரு முழங்கால். ஒரு சிவப்புக் கோட்டு. கன்னத்தைக் கையால் தாங்கிய யாரோ ஒருவர், மூன்று படங்களுக்கு அப்படியே இருந்து, நாலாவது படத்தில் இல்லாமல் போய்விட்டார். பல்வலி தீர்ந்ததா என்று இங்கே ஒருவன் கவலைப்பட்டான். இங்கே சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் அங்கே வெளிச்சம் மங்கும்; அவ்வளவு வடக்கே பகல் குட்டை. பின்னால் எங்கோ இருந்த ஜன்னலில் வெள்ளையாக ஏதோ விழுந்துகொண்டே இருக்கும். அது பனியென்று அவனுக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பனிக்கும் இந்த மாடிக் கூரையில் தட்டிக்கொண்டிருந்த ஐப்பசி மழைக்கும் நடுவில் மீன் ஒன்று, அல்லது இரண்டு, திரும்பிக்கொண்டிருந்தன.

12B-யில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது தி.நகர் மேலிருந்து கீழாக வந்தது. முதலில் ஒரு விரல் உயரத்துக்கு வானம். அப்புறம் ஜவுளிக்கடைப் பலகைகளின் உச்சி. அப்புறம் பலகை. கடைசியில், மிக மெதுவாக, முகங்கள். பனகல் பார்க்கில் கூட்டம் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து வளைந்து போனது. யாரும் எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. எல்லார் வாயும் லேசாகத் திறந்திருந்தது. கண்டக்டர் "எறங்குப்பா, டெர்மினஸ்" என்றபோதுதான் தன்னுடைய ஸ்டாப்பைத் தாண்டி வடபழனிக்கே வந்துவிட்டது தெரிந்தது. இது மூன்று நாள் நடந்தது. நாலாவது நாள் கண்டக்டரே அவனைப் பனகல் பார்க்கில் தட்டி எழுப்பினார். தூங்கவில்லை என்று அவன் சொன்னதை அவர் நம்பவில்லை.

மாமி போன் செய்வார். இணைப்புக்கும் போனுக்கும் ஒரே கம்பி. பார்த்துக்கொண்டே பேச முடியாது. ஆகவே பார்த்து, துண்டித்து, டயல் செய்து, மூச்சிரைக்கச் சொல்வார்.

"இப்போ வந்ததுப்பா! வெள்ளைப் புள்ளி! கோட்டைக்கு இடது பக்கம்! பார்த்தியோ?"

"நான் பார்க்கறப்போ ஒண்ணுதான் மாமி இருந்தது."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு பதினாறு."

"நான் சொல்றது ரெண்டு பதினேழு."

"பதினேழுல எனக்கு வெறும் தண்ணிதான் வந்தது."

"உனக்குப் பொறுமை பத்தாது." கொஞ்சம் தயங்குவார். "பூட்டு எப்போ போடப் போறே?"

"எண்ணிக்கை முடியட்டும் மாமி. தப்பா போட்டுட்டா நல்லா இருக்காது."

"அதுவும் சரிதான்" என்பார் மாமி. அந்தக் குரலில் இருந்த நிம்மதியை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

சுயம்புலிங்கம் ஒருநாள் மேஜைப் பக்கம் வந்தார். "என்னடே, மந்தைவெளி ஃபாரம் மூணு வாரமா நிக்கி?"

"எண்ணிக்கையில சந்தேகம் சார். ஒண்ணா ரெண்டான்னு தெரியலை."

மளிகைக்காரர் முகம் மலர்ந்தது. "அப்படியா? அப்பம் விட்டுறாத. எண்ணிக்கை சரியா இருக்கணும். ஒன்ன மாதிரி ஒருத்தன் எங்கடையில இருந்திருந்தா நான் ஏன் இங்க வாரேன்?"

தீபாவளி வந்து போனது. பாடப்புத்தகம் பதினோராம் பக்கத்தில் திறந்தபடி மேஜையில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் மூடிய பரப்பு ஒன்றின் படம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் வெளியே எல்லாம் பாயும் என்று கீழே எழுதியிருந்தது. தொட்டியைப் பார்க்கும்போது தான் ஒருவகையில் அந்தப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பதாகச் சாய்நாத் மேகலாவிடம் விளக்கினான். அவள் கேட்டுக்கொண்டாள். ஹால் டிக்கெட்டைப் பதினோராம் பக்கத்திலிருந்து எடுத்து, தேதி தெரிகிற மாதிரி அவன் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாள். ஒட்டிய இடம் தொட்டியின் இடது மூலையை மறைத்தது. அரைமணி கழித்து அவன் அதைக் கொஞ்சம் மேலே நகர்த்தி ஒட்டினான்.

நவம்பர் பதினாறு. செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. பதினொரு மணிக்கு நீரஜா மாமி படியேறி வந்தார். குடை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. செருப்பு ஒரு கால் ஒரு நிறம், மறு கால் வேறு நிறம்.

மேகலா ஓடிப்போய் ஒரு துண்டு கொண்டுவந்தாள். "இன்னா ஆச்சி மாமி?"

மாமி துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுடுத்து."

சாய்நாத் மானிட்டரிலிருந்து திரும்பினான்.

"கேஸ் பாட்டுக்கு வந்துண்டிருக்கு. எவ்வளவு நாழியா வந்ததோ, தெரியாது. எனக்கு வாசனை வந்தது. வந்ததுப்பா, இல்லேன்னு சொல்ல மாட்டேன். இந்தப் படம் முழுக்க இறங்கட்டும், எழுந்துக்கலாம்னு உட்கார்ந்திருந்தேன்." கையை விரித்துக் காட்டினார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல. "அவர் உள்ளே பூஜைக்கு வத்திப்பெட்டியை எடுத்துட்டார். எடுத்த கையை நான் போய்ப் பிடிச்சேன். அவ்வளவுதான். ஒண்ணும் ஆகலை."

"மாமி..." என்றான் சாய்நாத்.

"எண்ணிக்கை கிடக்கட்டும். ஒண்ணுன்னு போடு, நூறுன்னு போடு. நான் எழுந்து போறதுக்குள்ளே பூட்டு."

அவன் ஃபாரத்தை எடுத்தான். எண்ணிக்கையைக் காலியாக விட்டு, கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். அது ஒரு மாதத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. சல்லடையில் மாமியின் பெயரை அடித்தான். கீழே மீனின் விலாசத்தை அடித்தான். முடிந்தது. மொத்தம் நாற்பது விநாடி.

"இவ்வளவுதானா?" என்றார் மாமி.

"இவ்வளவுதான்."

மாமி அவன் மானிட்டரை இரண்டு விநாடி பார்த்தார். அதில் தண்ணீர் பாதி வரை இறங்கியிருந்தது. எழுந்தார். அவனைத் திட்டவில்லை, கேலி செய்யவுமில்லை. "உனக்கு இது பூட்டறதில்லையோ?" என்று மட்டும் கேட்டார், மழை நின்றுவிட்டதா என்று கேட்பது போல.

"ஸ்டாஃப் பேரை யாரும் சல்லடையில போடறதில்லை மாமி."

"ஓ" என்றார். மேகலா தன் குடையைக் கொடுத்து ஆட்டோ வரைக்கும் கூடப் போனாள்.

மாமி போன பிறகு சாய்நாத் பாடப்புத்தகத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டான். பதினோராம் பக்கத்தை முடித்து, பன்னிரண்டைத் திருப்பினான். பன்னிரண்டில் பாதி வந்தான். இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது பக்கம் வீதம் படித்தால் போதும். கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருந்த சந்தோஷத்தில் ஒரே ஒரு படம் பார்த்துவிட்டு வரலாம் என்று நிமிர்ந்தான்.

தண்ணீர். கொடி. கோட்டை. கோட்டைக்கு வலதுபக்கம் மீன். இடதுபக்கம், நெற்றியில் வெள்ளைப் புள்ளியுடன், இன்னொன்று.

சாய்நாத் போனை எடுத்துவிட்டான். மந்தைவெளி எண்ணின் முதல் நாலு இலக்கங்களைச் சுழற்றியும் விட்டான். அந்தப் பக்கம் ஒரு வீட்டில் ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டுவிட்டு ஒரு பெண்மணி நனைந்த தலையோடு சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. போனை வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். பிறகு, இரண்டு மீனும் ஒரே சமயத்தில் திரும்புமா என்று பார்ப்பதற்காக அடுத்த படத்துக்குக் காத்திருந்தான். அதற்கு அடுத்ததற்கும் காத்திருந்தான். வெள்ளைப் புள்ளி போய்விட்டது. அது மறுபடி வரும். வரும்போது தான் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. மழை சத்தம் தூரத்தில் போயிற்று. எங்கோ யாரோ பல்வலியோடு சிவப்புக் கோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது போல் இருந்தது.

"சாயி."

மேகலா நின்றுகொண்டிருந்தாள். கையில் பை, கிளம்பத் தயார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி.

"வூட்டுக்குப் போல?"

அவன் புத்தகத்தைப் பார்த்தான். பன்னிரண்டாம் பக்கத்தின் நடுவில் பென்சில் அவன் விட்ட இடத்திலேயே கிடந்தது. காலையில் மாமியின் கை விரிந்த விதம் ஞாபகம் வந்தது. வாசனை வந்தது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். இங்கே வாசனைகூட வரவில்லை. பெங்களூர்க் கம்பெனியின் கடிதம் டெலிபோன் டைரக்டரிக்குள் மடிந்திருந்தது. அப்பா அதை வெளியே எடுக்கவே இல்லை.

"ஒரு நிமிஷம் இரு" என்றான்.

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புது ஃபாரம் எடுத்தான். நின்றுகொண்டே எழுதினான். எழுதியதை மேகலாவிடம் நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் படித்தாள். அவன் பெயரைப் படித்த இடத்தில் ஒரு கணம் நின்றாள். அவளுக்கு வாய் துறுதுறுத்திருக்கும். நொச்சிக்குப்பத்துக்காரிக்கு அந்த நேரத்தில் சொல்லக் கைவசம் பத்து வாக்கியமாவது இருந்திருக்கும். பையைக் கீழே வைத்தாள்.

"நானு பாத்துதான் கையெளுத்து போடணும்."

"பார்த்துக்கோ."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் உட்கார்ந்து மூன்று விநாடி பார்த்திருப்பாள்; தொழில் தெரிந்த பார்வை. பேனாவை எடுத்து மளமளவென்று மீதிக் கட்டங்களை நிரப்பினாள். எண்ணிக்கையையும்.

"எத்தனைன்னு மட்டும் சொல்லாதே" என்றான்.

"செரி."

அவன் பெயரை அடித்தாள். விலாசத்தை அடித்தாள். "ஆச்சி."

"இன்னும் இல்லை." சாய்நாத் குரலைத் தாழ்த்தினான். மாடியில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை, இருந்தாலும் தாழ்த்தினான். "சல்லடையோட பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். மாத்திடு. இருபத்தாறாம் தேதி வரைக்கும் என்கிட்ட சொல்லாதே. நானே வந்து கேட்டாலும்."

"அப்ப அந்தாண்ட திரும்பு."

திரும்பினான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு லஸ் முனையைப் பார்த்தபடி நின்றான். கீழே பஸ்கள் மஞ்சள் வெளிச்சத்தைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போயின. முதுகுக்குப் பின்னால் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டு எழுத்து. அவன் எண்ணவில்லை, தானாகவே காதில் விழுந்தது. கண்ணையும் மூடிக்கொண்டான்.